ஓடு இருக்கிறது, இழை இருக்கிறது, வாங்க ஆள்?

கொச்சி மாநகராட்சி 1967-இல் உருவானபோது அதில் சேர்ந்த ஊராட்சிகளில் பள்ளுருத்தியும் இடப்பள்ளியும் உண்டு. பள்ளுருத்திக்கு அருகில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். அங்கிருந்து தெற்கே அரூர் வரை இறால் உரிக்கும் கொட்டகைகளும் பதப்படுத்தும் ஆலைகளும். இடப்பள்ளிப் பக்கம் அமிர்தா பல்கலைக்கழகத்தின் நானோ அறிவியல் மையம். இடையில் வெலிங்டன் தீவில், 1957-இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். மூன்றும் இருபது கிலோமீட்டருக்குள் அடக்கம். இறால் ஓட்டிலிருந்து ஆறாத புண்ணுக்கு மருந்துத் துணி செய்ய இவ்வளவு வாகான ஊர் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆனாலும் அரசு மருத்துவமனைகளில் கட்டுப்போடும் அறைக்கு அந்தத் துணி வழக்கமான பொருளாக வந்து சேரவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தத் துணியைப் பார்ப்போம். நம் உடலில் செல்கள் அந்தரத்தில் மிதப்பதில்லை. கொலாஜன் முதலிய மெல்லிழைகளாலான வலையைப் பற்றிக்கொண்டே வளர்கின்றன. அந்த இழைகளின் தடிமன் சுமார் 50 முதல் 500 நானோமீட்டர். தலைமுடியோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். புண்ணில் அந்த வலை அழிந்துபோகிறது. அதற்குப் பதிலாக அதே நுண்மையில் ஒரு சாரம் கட்டிக் கொடுத்தால் செல்கள் அதில் ஏறிப் பரவும். கட்டடத்துச் சாரத்தைப் பிறகு அவிழ்க்க வேண்டும். இது தானே கரைந்துவிட வேண்டும். கரைசலை ஊசி முனையில் வைத்து, பத்து முதல் முப்பது கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்து இழுக்கும் மின்நூற்பு முறைதான் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. புதிய வித்தையும் அல்ல: அமெரிக்காவில் 1902-லேயே காப்புரிமை பெற்றது.

அந்தச் சாரத்துக்கு இறால் ஓடு தரும் மூலப்பொருள் கைட்டின். அது ஓட்டில் கால்சியத்தோடும் புரதத்தோடும் பிணைந்து கிடக்கிறது. நீர்த்த அமிலத்தில் கால்சியமும் நீர்த்த காரத்தில் புரதமும் போகும். எஞ்சியதை அடர்காரத்தில் சூடேற்றினால் கைட்டோசான். வெலிங்டன் தீவு நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை எப்போதோ உருவாக்கித் தொழில்முனைவோருக்குக் கொடுத்துவிட்டது. கைட்டினை இழையாக நூற்பது எளிதல்ல. அமிர்தா மையத்தில் ஆர். ஜெயக்குமார் குழுவினர் அதைக் கரையும் வடிவுக்கு மாற்றி, பாலிவினைல் ஆல்கஹாலோடு கலந்து நானோ இழைச் சாரமாக நூற்று 2009-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஆக, ஆய்வகத்தில் கதவு திறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். செல்களுக்கு இப்படிச் சாரம் கட்டித் தரும் திசுப் பொறியியல் என்றதும் கல்லீரலையும் இதயத்தையும் வளர்த்தெடுக்கும் கனவு முன்னால் வந்து நிற்கிறது. ரத்தக் குழாயிலிருந்து சுமார் 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் செல்லுக்கு ஆக்சிஜன் எட்டுவது கடினம். நெருக்கமாக நூற்ற விரிப்புக்குள் செல்கள் ஆழமாக இறங்குவதும் இல்லை. தடித்த உறுப்புகள் இன்னும் தொலைவில் இருப்பதற்கு இவை முக்கியக் காரணங்கள். அவசரப்பட்டவர்களின் கதை ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. 2011-இல் அங்கே அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி செயற்கை மூச்சுக்குழாயில் நோயாளியின் செல்களைத் தூவிப் பொருத்தியபோது உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அந்த நோயாளி 2014-இல் இறந்தார். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மெல்லிய தோலுக்கு மெல்லிய துணி, அதிலும் சர்க்கரை நோயாளியின் காற்புண்ணுக்கு. நம் ஆசை இப்போதைக்கு அந்த அளவில் நிற்பது நல்லது. தேவையோ சிறியதல்ல. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி கேரளத்தில் 25.5 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய்.

தடை எங்கே? ஒரு பகுதி கொட்டகையிலேயே தொடங்குகிறது. இறாலில் பாதி எடை வரை தலையும் ஓடுமாகக் கழிகிறது. வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் அழுகும். அழுகிய ஓட்டிலிருந்தும் கைட்டோசான் எடுக்கலாம், வயலுக்கு ஆகும், புண்ணுக்கு ஆகாது. மருத்துவத் தரத்துக்கு ஒவ்வொரு தொகுதியும் ஒரே குணத்தில் இருக்க வேண்டும். பாக்டீரிய நச்சும், இறால் ஒவ்வாமையைத் தூண்டும் புரதமும் அகல வேண்டும். ஓட்டைப் பிரித்து ஐஸில் வைக்கும் அக்கறையைக் கொட்டகைப் பெண்களிடம் எதிர்பார்க்க முடியுமா? அவர்களுக்குப் பெரும்பாலும் உரித்த சதையின் எடைக்குத்தான் கூலி. ஐஸ் தண்ணீரில் ஊறி, ஓடு குத்திப் புண்ணான விரல்களோடு செய்கிற வேலை அது.

மறுமுனையில் இருப்பது சோதனையும் உரிமமும். இது கடக்க முடியாத மதில் அல்ல என்பதற்குக் கேரளத்திலேயே சாட்சி உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கிச் செய்த 'கோலிடெர்ம்' என்ற புண் சாரத்துக்கு 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் கடுமையான நான்காம் பிரிவில். இறைச்சிக் கழிவு மருத்துவப் பொருளாகியிருக்கிறது. கூடவே சாதனங்களைச் செய்து பார்க்கும் தனிப் பிரிவை ஸ்ரீசித்திரா பல பத்தாண்டுகளாக வளர்த்து வந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பொறுமை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் வாய்ப்பதில்லை.

ஆய்வு மானியம் கட்டுரையோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் மனிதச் சோதனைக்கும் தூய்மையான உற்பத்திக் கூடத்துக்கும் பணம் போடுபவர், 'யார் வாங்குவார்?' என்றுதான் முதலில் கேட்பார். காற்புண் நோயாளிகளில் ஏழைகள் ஏராளம். அவர்கள் வருவது அரசு மருத்துவமனைக்கு. அங்கே எதை வாங்குவது என்று முடிவு செய்வது மருத்துவப் பணிகள் கழகம். தமிழ்நாடு 1994-இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டைக் கேரளம் 2007-இல் பின்பற்றியது.

இரண்டு கழகங்களும் சேர்ந்து, 'சோதனையில் தேறினால், இந்த விலைக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு வாங்குவோம்' என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். தேறாவிட்டால் கொள்முதலுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. முதலீட்டாளரின் தயக்கத்துக்கு அதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை. அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் வேண்டும்: கெடாமல் பிரித்துத் தரும் ஓட்டுக்கு உரிப்பவருக்குக் கிலோ கணக்கில் தனிக் கூலி. கைட்டோசான் ஆலைக்கு நல்ல ஓடு வேண்டுமென்றால், அந்தச் செலவைத் துணியின் விலையில் முதல் நாளே சேர்த்துவிட வேண்டும்.