வாத்தியார் ஆவது தோல்வியா?

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பையன் மாநில அளவில் செஸ் ஆடியவன். வேலையை விட்டுவிட்டு, நம்ம கம்பத்தில் பிள்ளைகளுக்கு முழுநேரமாகச் சொல்லித்தரப் போகிறேன் என்கிறான். அதற்கு நம் உறவிலேயே ஒரு பெரியவர், "ஜெயிக்க முடியாதவன்தான் வாத்தியார் வேலைக்குப் போவான்" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் பயிற்சி முடித்து, ஆயுசில் பாதிக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவன் நான். இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

சென்னைக்காரர் ஆர்.பி. ரமேஷ் 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன். 2003-ல் கிராண்ட்மாஸ்டர். 2007-ல் காமன்வெல்த் சாம்பியன். மறு வருஷமே செஸ் குருகுலம் தொடங்கினார். அப்போது வயது 32. இந்தியன் ஆயில் கம்பெனி வேலையையும் விட்டார். அவர் மனைவி ஆர்த்தி ராமசாமியும் 1999-ல் 18 வயதுக்கு உட்பட்ட பெண்களில் உலக சாம்பியன். இவர்களா ஜெயிக்கத் தெரியாதவர்கள்?

அவரிடம் படித்த பிரக்ஞானந்தா 2023 உலகக் கோப்பையில் இறுதிப் போட்டி வரை போனார். அக்கா வைஷாலியும் அவர் மாணவிதான். அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகத்திலேயே முதல் முறை. 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் வெண்கலம் வாங்கிய இந்திய 'பி' அணிக்கும் பயிற்சியாளர் ரமேஷ்தான். 2023-ம் வருஷத்துக்கான துரோணாச்சாரியார் விருதும் வந்தது.

"அவர் உலக சாம்பியன் ஆகலையே" என்பீர்கள். ஐஸ் மேல் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கனடாவின் பிரையன் ஆர்சர் 1987-ல் உலக சாம்பியன். ஆனால் 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் வெள்ளிதான். பிறகு பயிற்சியாளர் ஆனார். 2010-ல் கொரியாவின் யுனா கிம், 2014-லும் 2018-லும் ஜப்பானின் ஹன்யு என்று அவருடைய பிள்ளைகள் தங்கம் வாங்கினார்கள். குருவின் கழுத்தில் விழாத தங்கம் சிஷ்யர்கள் கழுத்தில் விழுந்தது. இதையா தோல்வி என்பது?

ஆடத் தெரிவது ஒரு வித்தை, சொல்லித்தரத் தெரிவது இன்னொரு வித்தை. தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பலகையில் வைத்து, "இந்த இடத்தில் என்ன நினைத்தே?" என்று பத்து வயசுப் பிள்ளையிடம் பொறுமையாகக் கேட்கவேண்டும். அதன் பயத்தையும் அவசரத்தையும் கண்டுபிடிக்கவேண்டும். பெரிய ஆட்டக்காரர் எல்லோருக்கும் இது வராது.

"சோறு போடுமா?" என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த நிலைமைக்கு யார் காரணம்? 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல் சொல்லித்தரப் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தது நம் அரசு. பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கச் சொன்னது பெற்றோர்களாகிய நீங்கள். டியூஷனுக்கு வாய் திறக்காமல் கட்டுகிறீர்கள், கோச்சிங் ஃபீஸ் என்றால் மட்டும் பேரம் பேசுகிறீர்கள்.

ரமேஷிடம் படித்த அரவிந்த் சிதம்பரம் மதுரை திருநகர்ப் பையன். 2025-ல் பிராக் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினால் மதுரை. அங்கிருந்தும் பிள்ளை சென்னைக்குத்தான் போகவேண்டியிருந்தது. போடியிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் திறமைக்கா பஞ்சம்? சொல்லித்தர ஆள் இல்லாத பஞ்சம். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிற தாய், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சென்னையில் வாடகை கொடுத்து இருக்க முடியுமா? இங்கேயே ஒருவன் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன் என்கிறான். அவனையும் விரட்டுகிறீர்கள்.

அந்தப் பெரியவரும் இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணே, மரியாதையோடு கேட்கிறேன். உங்கள் பேரப்பிள்ளையை முதல் ஆளாக அவனிடம் சேர்த்துவிடுங்கள். மாதம் பிறந்ததும் ஃபீஸையும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.