யாருடைய களம்?

தமிழில் ‘போர்’ என்றால் யுத்தம். வைக்கோல் குவியலும் போர்தான். ‘களம்’ சண்டையிடும் இடம். நெல்லடிக்கும் இடமும் களம்தான். புறநானூற்றின் மறக்களவழிப் பாடல்களில் வேந்தன் உழவனாகிறான், களிறுகள் போரடிக்கும் எருதுகளாகின்றன. வகுப்பில் உருவகத்தின் நயத்தைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். நிஜக் கழனி யாருடையது, மிதிபட்ட பயிருக்கு யார் பொறுப்பு என்று நானும் கேட்டதில்லை. அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களப் பூங்காவில் ஒரு சிறிய வெள்ளை வீட்டின் முன் நின்றபோதுதான் கேட்கத் தோன்றியது.

1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே உள்நாட்டுப் போரின் பெருஞ்சண்டை நடந்தது. இறந்தவர், காயமுற்றவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் எனச் சுமார் 51,000 பேர். இன்று அங்கே 1,300க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்கள். படைகளும் தளபதிகளும் நின்ற இடங்களுக்கெல்லாம் கல் உண்டு.

அந்த வீடு ‘ஜெனரல் மீடின் தலைமையகம்’ என்று அறியப்படுகிறது. மீட் அங்கே இருந்தது இரண்டே நாள். வீட்டை வாங்கியவர், நிலத்தை உழுதவர் லிடியா லீஸ்டர், கணவரை இழந்தவர். சண்டை முடிந்து திரும்பியபோது கோதுமை மிதிபட்டுக் கிடந்தது. நிலத்தில் 17 குதிரைப் பிணங்கள். அவற்றில் ஐந்தை அவருடைய நல்ல பீச் மரத்தைச் சுற்றிப் போட்டு எரித்ததில் மரமும் பட்டுப்போனது. ஊற்றுநீர் கெட்டது. எஞ்சிய குதிரை எலும்புகளை 100 பவுண்டு அரை டாலர் என்று விற்றார். 750 பவுண்டுக்குக் கிடைத்தது மூன்றே முக்கால் டாலர்.

இந்தக் கணக்கை அவர் சொல்லக் கேட்டு எழுதியவர் டிரோபிரிட்ஜ் என்ற எழுத்தாளர். எழுதிவிட்டுத் தீர்ப்பும் வழங்கினார்: இந்தப் பெண்ணுக்குத் தன் நட்டம்தான் பெரிது, நாடு வென்றதா தோற்றதா என்ற நினைப்பே இல்லை. தளபதி தன் இழப்பைக் கணக்கிட்டால் வரலாறு. விதவை கணக்கிட்டால் அற்பத்தனமா?

அடிமைமுறையை ஒழிக்க உதவிய போரின் எதிரில் ஒரு பீச் மரம் பெரிதா என்று கேட்பார்கள். அந்த விடுதலையை நான் ஒரு பிடியும் குறைத்துப் பேசவில்லை. பென்சில்வேனியாவுக்குள் நுழைந்த தென்னகப் படை, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினப் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போனது. அவர்களையும் எண்ணுங்கள் என்கிறேன். பெண்களின் இழப்பை எண்ணத் தொடங்கினால் நாட்டின் பெருமை குறைந்துவிடாது, கணக்கு நேராகும்.

பெண்ணுக்கும் சிலை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அருகிலுள்ள எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தில், ஆறு மாதக் கர்ப்பத்தோடு குழி தோண்டிப் படைவீரர்களைப் புதைத்த எலிசபெத் தோர்னுக்கு 2002இல் வைத்தார்கள். 139 ஆண்டுகள் கழித்து. வீரனின் உடலுக்குப் பணிவிடை செய்தவள் சிலையாகலாம். என் கோதுமை எங்கே என்று கேட்டவள் ஆக முடியாது. நம்மூர் வீரத்தாயும் இப்படித்தான். மகனைக் களத்துக்கு அனுப்பியவளைப் பாடிய அளவு, அனுப்ப மறுத்தவளை யார் பாடினார்கள்?

1863இல் இருந்தது போலவே தோன்ற வேண்டுமென்று அந்தப் பூங்காவில் வேலிகளை மீண்டும் போடுகிறார்கள், பழத்தோட்டங்களை நடுகிறார்கள். அந்த வீட்டின் பெயரையும் 1863இல் இருந்தபடியே மாற்றட்டும். அது லிடியா லீஸ்டரின் வீடு.

அடுத்த முறை மறக்களவழி நடத்தும்போது மாணவிகளிடம் உருவகத்தை விளக்கச் சொல்லமாட்டேன். களத்துக்குச் சொந்தக்காரி யார் என்று கேட்பேன்.