பள்ளியில் கைத்தொழில்: யார் பிள்ளைக்கு?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் பொதுப்பேரவைக் கூட்டத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். ஆண்டறிக்கையும் இலாப நட்டக் கணக்கும் படித்து முடிந்தபின், முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "பள்ளிக்கூடங்களில் நெசவைப் பாடமாக வைக்குமாறு அரசாங்கத்தைக் கேட்டுத் தீர்மானம் போடுவோம், இல்லையேல் இத்தொழில் நம்மோடு போய்விடும்" என்றார். பலரும் கைதட்டினர். அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர், "ஐயா, எங்கள் பிள்ளைக்கு மட்டுமா, ஆபீசர் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்தா?" என்று கேட்டார். மறுமொழி கூறுவார் இல்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.

அவ்வம்மையாரின் கேள்விக்கு விடை கூறாமல் இப்பொருள் பற்றி எம்முடிவுக்கும் வருதல் இயலாது என்பதே நம் கருத்து. ஏனெனில், நம் நாட்டில் இக்கேள்வி இன்று புதிதாக எழுந்ததன்று.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. 7 வயது முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. தாய்மொழியே பயிற்று மொழி. ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றப் பாடங்களைப் போதித்தல் என்பன அதன் கூறுகள். குழந்தைகள் செய்யும் பொருளின் விற்பனையால் ஆசிரியர் சம்பளத்தையும் ஈடுகட்டலாம் என்பது மற்றொரு கூறு. முன்னவை பொன்னான கருத்துக்கள். பின்னதோ நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. பத்து வயதுச் சிறுவன் நூற்ற நூலை நம்பி ஓர் ஆசிரியரின் குடும்பம் வாழ்வது எங்ஙனம்?

1953-இல் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராஜாஜி அவர்கள் வேறொரு திட்டம் கொணர்ந்தார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிக்க வேண்டும். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பெண்மக்கள் தாயுடன் வீட்டுவேலை கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பணமும் ஆசிரியரும் கட்டடமும் போதாத நிலையில், இருக்கும் பள்ளியைக் கொண்டே இருமடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கலாம் என்று அவர் வாதிட்டார். அவ்வாதத்தை அலட்சியம் செய்தல் நேர்மையாகாது. ஆயினும், தந்தையின் தொழிலே மகனுக்கு என்று விதிப்பது குலத்தைப் பள்ளிக்குள் நுழைப்பதாகும் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் காங்கிரசாரில் பலரும் எதிர்த்தனர். "குலக்கல்வித் திட்டம்" என்ற பெயர் நிலைத்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

இரண்டும் கைத்தொழிலைப் பற்றியனவே. எனினும் முன்னது தொழிலைப் பள்ளிக்குள் அழைத்து வந்து எல்லாப் பிள்ளைகள் முன்னும் வைத்தது. பின்னது பிள்ளையைப் பள்ளியிலிருந்து பாதி நாள் வெளியே அனுப்பி, பிறந்த வீட்டுத் தொழிலோடு கட்டிப்போட்டது. 2023-இல் மத்திய அரசு கொணர்ந்த விசுவகர்மா திட்டம் குடும்பத் தொழிலை அடிப்படையாகக் கொண்டிருந்தமையால், 2024-இல் தமிழக அரசு அதனை அவ்வுருவில் ஏற்க மறுத்தது. எழுபது ஆண்டுக்கு முந்திய காயம் இன்னும் ஆறவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அப்படியாயின் பள்ளிக்குக் கைத்தொழிலே வேண்டாமா? வேண்டும் என்பதே நம் துணிபு. அதற்கு நம் அனுபவமே காரணம்.

பட்டம் பெற்று இப்பணியில் சேர்ந்த புதிதில், நெசவாளர் சங்கமொன்றில் நூல் இருப்பைச் சரிபார்க்கச் சென்றோம். 40-ஆம் நம்பர் நூலையும் 60-ஆம் நம்பர் நூலையும் கையில் கொடுத்து, எது எதுவென்று கேட்டார் ஒரு நெசவாளர். நமக்குத் தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு, இரு விரலிடை நூலை உருட்டிக் காட்டினார். ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு இராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். ஆகவே 40-ஆம் நம்பர் நூல் ஒரு இராத்தலில் 33,600 கஜம் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும். பதினைந்து ஆண்டுப் படிப்பு நமக்குத் தராத இக்கணக்கை அவர் ஐந்தே நிமிடத்தில் கற்பித்தார். அன்று நாம் அடைந்த நாணத்தை ஒவ்வொரு பட்டதாரியும் பள்ளிப் பருவத்திலேயே அடைந்திருத்தல் நன்று.

மறுபுறத்தையும் பார்த்தல் வேண்டும். படாளத்தில் உள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிக்குப் பாத்தி கட்டவும் சோகை உரிக்கவும் எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் கரும்பின் விலை சர்க்கரைக் கட்டுமானத்தோடு இணைந்தது என்பதையும், வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்தால் எடை குறையும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்க ஏட்டறிவு வேண்டும். ஐந்தொகையைப் படிக்க இயலாமல் கையெழுத்திடும் நிர்வாகக் குழுவினரைக் கண்டு நாம் வருந்தியதுண்டு. கைத்தொழில் தெரியாத படிப்பும், கணக்குத் தெரியாத தொழிலும் ஒருங்கே நொண்டுகின்றன.

பிறப்பைக் கேளாமல் தொழிலைக் கற்பித்தல் கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டு நம் மாவட்டக் கடற்கரையிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற சிற்பப் பயிற்சி நிலையம் பிற்காலத்தில் அரசினர் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து பட்டம் வழங்கி வருகிறது. தலைமுறை தலைமுறையாகச் சிற்பியர் குடும்பங்களுக்குள் அடங்கியிருந்த கலை, விண்ணப்பம் போடும் எவர்க்கும் உரிய படிப்பாயிற்று. அதனால் கலையின் மதிப்புக் குறையவில்லை.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. 2019-20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருவாயில் வாழ்கின்றன. கூலி இவ்வாறிருக்க, "தொழில் அழிகிறதே, பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்" என்று சொல்வது நோயாளிக்கு வாரிசு தேடுவது போலாகும். தொழிலைக் காப்பது கூலியும் சந்தையும். அப்பொறுப்பு அரசினுடையதும் நம் சங்கங்களுடையதும் ஆகும். அதைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுதல் தகாது.

ஆதலின் சங்கங்களின் சிந்தனைக்கு நாம் சிலவற்றை முன்வைக்கிறோம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரம் இரண்டு பாடவேளை கைத்தொழிலுக்கு ஒதுக்கலாம். அது பள்ளி நேரத்திற்குள்ளேயே நடைபெற வேண்டும். ஊருக்கு ஏற்ற தொழில் எதுவாயினும் ஆகுக. ஆனால் எந்தப் பிள்ளைக்கும் தந்தையின் தொழில் என்ன என்று கேட்டுப் பாடம் ஒதுக்கலாகாது. சோறு சமைத்தலும் கிழிந்ததைத் தைத்தலும் வீட்டு வரவுசெலவு எழுதுதலும் ஆண்பிள்ளைகளுக்கும் உரியன. தறியில் அமர்தலும் சிறு பழுது பார்த்தலும் பெண்பிள்ளைகளுக்கும் உரியன. கற்பிப்பவர் சங்கத்தைச் சேர்ந்த நெசவாளராகவோ விவசாயியாகவோ இருக்கட்டும். அவருக்கு மதிப்பூதியம் தந்து, ஆசிரியர் அமரும் நாற்காலியும் தரவேண்டும். பிள்ளைகள் செய்த பொருளை விற்றுப் பள்ளியை நடத்தும் எண்ணம் அறவே கூடாது.

இது நமக்கு அயலான வேலையன்று. 1844-இல் இராச்டேலில் கடை திறந்த முன்னோடிகளுள் நெசவாளர் பலர். தம் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கியவர்கள் அவர்கள். நம் சங்கங்களும் நிகர இலாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பங்கு செலுத்துகின்றன. ஊர்ப் பள்ளியின் வாயிலில் ஒரு தறியை நிறுத்துவதும் அந்நிதியின் நோக்கத்திற்கு இயைந்ததே.

ஒத்திவைத்த தீர்மானம் மீண்டும் பேரவை முன் வரும். அப்போது, "எல்லாப் பிள்ளைகளுக்கும்" என்னும் இரு சொற்களைச் சேர்த்தே அதனை நிறைவேற்ற வேண்டுமென அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதிகாரியின் மகன் தார் சுற்றவும், நெசவாளியின் மகள் ஐந்தொகை படிக்கவும் ஒரே வகுப்பில் கற்பார்களானால், பின்வரிசை அம்மையாருக்கு நாம் விடை கூறியவர்களாவோம்.