எட்டு வந்தால் மங்கும் பலகை

இந்த வாரக் கோபத்துக்குக் காரணம் செகந்திராபாத்தில் ஒரு காத்திருப்புக் கூடத்தின் டோக்கன் பலகை. 111 பளிச்சென்று எரிந்தது. 188 வந்தபோது ஒன்று மட்டும் பளிச்; எட்டுகள் இரண்டும் மங்கல். பின்வரிசை முதியவர்கள் எழுந்து வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். யார் முதலில் என்று வாக்குவாதமும் மூண்டது.

பழுது பார்க்கத் திறந்த பெட்டிக்குள், ஒவ்வோர் இலக்கத்தின் ஏழு கோடுகளையும் எரிக்க ஒரு 74எச்சி595 சிப், இலக்கத்துக்கு ஒன்றாக மூன்று பிசி547 ட்ரான்சிஸ்டர்கள். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடும் பழக்கத்தின் மேல் இந்தப் பத்திக்கு உள்ள ஆத்திரம் வாசகர்கள் அறிந்ததே. வாக்குவாதம் எப்படி முடிந்தது என்பதைவிட மின்னோட்டக் கணக்கு முக்கியம்.

மூன்று இலக்கங்களும் மாறி மாறித்தான் எரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு நேரம். ஒரு கோட்டுக்குச் சராசரி 10 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால், எரியும் கணத்தில் 30 தர வேண்டும். ஒன்றுக்கு இரண்டு கோடுகள், 60. எட்டுக்கு ஏழு கோடுகள், 210. பிசி547 தாங்குவதோ 100. 595-இன் ஒரு கால் 35 வரை தாங்கும்; ஆனால் முழுச் சிப்புக்கும் சேர்த்து உச்சவரம்பு 70தான். அந்த வரியைப் படித்திருந்தால் எட்டு மங்கியிருக்காது.

சரியான தேர்வு கடினமே இல்லை. கோடுகளின் நேர்முனைகள் ஒன்றாய் இணைந்த காமன் ஆனோடு இலக்கங்களை எடுத்து, அந்த நேர்முனைப் பக்கத்தில் 800 மில்லி ஆம்பியர் தாங்கும் பிசி327 போடலாம். கோடுகளுக்கு டிபிஐசி6பி595: 595 செய்யும் அதே வேலை, ஆனால் காலுக்கு 150 மில்லி ஆம்பியர், 50 வோல்ட். அது கிடைக்காவிட்டால் பழைய 595-க்குப் பின்னால் யுஎல்என்2803. டார்லிங்டன் ஜோடி என்பதால் அது ஏறத்தாழ ஒரு வோல்ட்டை விழுங்கிவிடும். 5 வோல்ட் பலகையில் அது பெரிய இழப்பு, 12 வோல்ட்டில் பொருட்டில்லை.

ட்ரான்சிஸ்டர் முழுதாகத் திறக்க, ஓடும் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை பேஸுக்குக் கொடுப்பது வழக்கம். இங்கே 21 மில்லி ஆம்பியர். பிசி327-இன் பேஸிலிருந்து அதை இழுக்க பிசி547 தாராளமாகப் போதும். அதற்குரிய இடம் அதுதான். கடைத்தெருவில் ஓடும் எழுத்துகளைக் காட்டும் பி10 பலகைகளில் 512 எல்இடிகள். இங்கே பிசி327 இலக்கங்களை மாற்றுவதுபோல், அங்கே வரிசைகளை மாற்ற 4953 என்ற மாஸ்ஃபெட் சிப் இருக்கிறது.

இந்தப் பலகை இருந்த செகந்திராபாத்துக்குப் பக்கத்திலேயே, 1967-இல் ஈசிஐஎல் நிறுவனம் தொடங்கப்பட்ட நகரமான ஐதராபாத் இருக்கிறது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன்மாதிரியை 1979-இல் அந்நிறுவனம் உருவாக்கியது. அந்த இயந்திரத்தின் பழைய மாதிரிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வாக்கு எண்ணிக்கையை இதே ஏழு கோடுகளில்தான் சொன்னது. நடுக்கோடு அணைந்தால் 8 என்பது 0. மேல்கோடு அணைந்தால் 7 என்பது 1.

பலகை செய்து விற்பவர்கள் அனுப்புவதற்கு முன் 888-ஐ ஒரு மணி நேரம் எரியவிட்டு, ட்ரான்சிஸ்டரில் விரல் வைத்துச் சூடு பார்க்கட்டும். பிறகு 111 போட்டு வெளிச்சத்தை ஒப்பிடட்டும். அனுப்பிய பிறகும் வித்தியாசம் தெரிந்தால் வாங்குபவர் திருப்பிக் கொடுத்துவிடலாம்.