அழுத்தம் புரிந்தால் சுவாசம் புரியும்

மேல்நிலை முதலாண்டு விலங்கியலில் வரும் சுவாசப் பாடத்தை மாணவர் பலர் எண்களின் கோவையாகவே மனனம் செய்கின்றனர். 500, 104, 40, 45 என்று தடையின்றி ஒப்பிப்பவர்களே, காற்று எதனால் நுரையீரலுக்குள் நுழைகிறது என்ற வினாவுக்கு, நுழைந்த காற்றுதான் மார்பை விரிக்கிறது எனத் தலைகீழாக எழுதிவிடுகின்றனர். முதலில் நிகழ்வது விரிவே. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகடாகிய உதரவிதானம் சுருங்கித் தட்டையாகவும், விலா எலும்பிடைத் தசைகள் விலாக்கூட்டை உயர்த்தவும், மார்பறையின் கொள்ளளவு கூடி, நுரையீரலின் உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றே தாழ்கிறது. அந்தத் தாழ்வை நோக்கியே காற்று உள்ளே பாய்கிறது.

வாயுப் பரிமாற்றத்தை ஆள்வதும் இதே அழுத்த வேறுபாடுதான். பல வாயுக்கள் கலந்த காற்றில் ஒரு வாயு தன் பங்குக்குச் செலுத்தும் அழுத்தம் பகுதி அழுத்தம் எனப்படும். நுரையீரலில் இப்பரிமாற்றம் நிகழும் காற்று நுண்ணறைகளில் ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் பாதரச அளவில் 104 மி.மீ.; உடலைச் சுற்றித் திரும்பும் இரத்தத்தில் அது 40 மி.மீ. ஆகையால் ஆக்ஸிஜன் இரத்தத்துக்குள் விரவுகிறது. எதிர்த்திசையில் செல்லும் கார்பன் டை ஆக்ஸைடுக்கோ இரத்தத்தில் 45, நுண்ணறையில் 40 என வேறுபாடு வெறும் 5 மி.மீ.தான். இவ்வளவு சிறிய வேறுபாடு எப்படிப் போதுமானதாகிறது என்பதே நல்ல வினா. அவ்வாயு ஆக்ஸிஜனைவிட ஏறத்தாழ 20 மடங்கு அதிகமாகக் கரைவதே அதற்கு விடை.

ஆனால், இரத்தம் ஏந்திவரும் கார்பன் டை ஆக்ஸைடில் ஏறத்தாழ 70 விழுக்காடு பைகார்பனேட்டாகவும், 20 முதல் 25 விழுக்காடு ஹீமோகுளோபினுடன் இணைந்தும், 7 விழுக்காடு பிளாஸ்மாவில் கரைந்தும் கடத்தப்படுகிறது என்பதை மட்டும் மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

பெரும்பாலோர் கவனியாது கடக்கும் இடம் ஒன்றுண்டு. இயல்பான ஒரு மூச்சில் 500 மி.லி. காற்று உள்ளே போனாலும், அதில் ஏறத்தாழ 150 மி.லி. பரிமாற்றம் நிகழாத மூச்சுக்குழலிலும் அதன் கிளைகளிலுமே நின்றுவிடுவதால், நுண்ணறைகளைச் சேரும் புதுக்காற்று 350 மி.லி. மட்டுமே. நிமிடத்துக்கு 12 முறை மூச்சிழுப்பவர் மொத்தம் 6000 மி.லி. இழுத்து, அதில் 4200 மி.லி.யை நுண்ணறைகளுக்குச் சேர்க்கிறார். மேலோட்டமாக 250 மி.லி. வீதம் 24 முறை இழுப்பவரும் அதே 6000 மி.லி.யைத்தான் இழுக்கிறார், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் 150 மி.லி. கழிந்துபோவதால் அவருடைய நுண்ணறைகளுக்குக் கிடைப்பது 2400 மி.லி.தான். விரைந்து மூச்சுவாங்குவதும் நன்கு மூச்சுவிடுவதும் ஒன்றல்ல என்பதை எந்த விளக்கத்தையும்விட இக்கணக்கு தெளிவாகக் காட்டுகிறது; தேர்வுக்குப் படிப்போர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒருமுறையேனும் இதைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.