ஃபியூஸ் போனா சந்தோஷப்படுங்க

1/ சாஃப்ட்வேர்காரர் தப்பு பண்ணா "அடுத்த அப்டேட்ல சரியாயிடும்". எலக்ட்ரானிக்ஸ்காரர் தப்பு பண்ணா புகை வரும். சிரிக்கிறீங்களா? சிரிங்க. ஆனா டாக்டரா நான் புகை வர்ற கட்சி. ஏன்னு சொல்றேன்.

2/ தெராக்-20ன்னு கேன்சருக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின். ஏதாவது தப்பானா கதிரை நிறுத்த அதில் தனி சர்க்யூட் இருந்தது. அடுத்த மாடல் தெராக்-25. "அதான் சாஃப்ட்வேர் பாத்துக்குமே"ன்னு அந்தப் பாதுகாப்பை எடுத்துட்டாங்க.

3/ 1985 முதல் 1987 வரை அமெரிக்கா, கனடாவில் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு. குறைந்தது 3 பேர் இறந்தார்கள். 1986ல் டெக்ஸஸில் திரையில் வந்தது "மால்ஃபங்ஷன் 54". அப்படின்னா என்னன்னு ஆபரேட்டருக்கு யாரும் சொல்லித் தரலை. 'பி' கீயைத் தட்டினா மறுபடி ஓடும். தட்டினாங்க.

4/ கொடுமை என்னன்னா, அதே பிழை தெராக்-20லயும் இருந்திருக்கு! அங்க என்ன ஆச்சு? ஃபியூஸ் போச்சு. அவ்ளோதான். ஆளுக்கு ஒண்ணும் ஆகலை.

5/ கோடு எழுதுறவங்களைத் திட்டலைங்க. இன்னிக்கு ஐசியூல வென்டிலேட்டர், இன்ஃபியூஷன் பம்ப் எல்லாத்துலயும் சாஃப்ட்வேர்தான். அது இல்லாம எங்க பொழப்பு ஓடாது. தப்பே வராதுன்னு நம்புறதைத்தான் திட்டுறேன்.

6/ அதனால "எல்லாத்தையும் சாஃப்ட்வேரே பாத்துக்கும்"னு யாராவது மெஷின் விக்க வந்தா ஒரே கேள்வி கேளுங்க: "அது தப்பா பாத்தா, எந்த ஃபியூஸ் போகும்?"

பதில் இல்லைன்னா, போகப்போறது நோயாளிதான்.