காதுக்கும் பர்ஸுக்கும் இதமாக

லேப்டாப்பில் கச்சேரி கேட்பவர்களின் வழக்கமான புகார் இது: பாடகர் கேட்கிறார், மிருதங்கம் கேட்கிறது, தம்புராவை மட்டும் காணோம். அந்த இடத்தில் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஓசை. உடனே புது ஹெட்போன் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் பதிவையே சந்தேகியுங்கள். ஃபைலைச் சுருக்குவதற்காக, காதுக்குப் புலப்படாது என்று கருதும் ஒலிகளைக் கழித்துவிடுகிறது எம்பி3. விநாடிக்கு 320 கிலோபிட் என்றால் இழப்பைக் கண்டுபிடிப்பது கடினம். 128-க்கும் கீழே போனால் தம்புராவின் கார்வையும் ஜால்ராவின் கூர்மையும் மழுங்கும். பாட்டுக்கான ஆப்களில் டேட்டாவை மிச்சப்படுத்தும் வசதி இயங்கினால் இதே கதிதான், அதை அணைத்துவிடுங்கள். சி.டி.யின் தரம், அதாவது விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், மனிதக் காது கேட்கக்கூடிய 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுமையாகப் பதிவு செய்யப் போதும். அதற்கு மேலான ‘ஹை ரெசல்யூஷன்’ விளம்பரங்களுக்கு மயங்க வேண்டியதில்லை. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பாட்டு, ஃபைல் பெரிதானதால் மட்டும் புதிதாகிவிடாது.

ப்ளூடூத் ஹெட்செட்டில் திடீரென்று பாட்டு டெலிபோன் குரல் போல ஆகிவிடுகிறதா? ஏதோ ஒரு புரோகிராம் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். மைக் வேலை செய்யும்போது பெரும்பாலான ஹெட்செட்டுகள் இசைக்கான இணைப்பைக் கைவிட்டு, பேச்சுக்கான குறுகிய இணைப்புக்கு மாறிவிடும். லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் இசை திரும்பி வந்துவிடும்.

ஒயர் ஹெட்போனில் இரைச்சல் என்றால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஹெட்போன் நிரபராதி. சரியான எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் செருகுங்கள், அல்லது பேட்டரியில் கேளுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், லேப்டாப்பின் உள்ளே பக்கத்திலேயே உழைக்கும் பிராசசரின் மின் சலசலப்பு ஒலிப் பகுதிக்குள் கசிகிறது எனலாம். இங்கேதான் முதல் செலவுக்கு நியாயம் இருக்கிறது. யு.எஸ்.பி.யில் செருகும் ‘டாக்’ என்ற சிறு கருவி, டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின் அலைகளாக மாற்றும் வேலையை லேப்டாப்புக்கு வெளியே கொண்டுபோய்விடும். விரல் நீள அடாப்டரே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

பெரிய ஆம்ப்ளிஃபையர் தேவையா என்பதை ஹெட்போனின் ஓம் அளவு ஓரளவு சொல்லும். 16 முதல் 32 ஓம் வரை பெரும்பாலும் லேப்டாப்பே சமாளிக்கும். 250, 300 ஓம் கொண்ட ஸ்டூடியோ ரகங்களுக்குத்தான் தனி பலம் வேண்டும்.

‘பேஸ்’ குறைவு என்று புலம்புகிறவர்கள் ரப்பர் முனையை மாற்றிப் பார்க்கலாம். காதுத் துளையில் சிறு இடைவெளி இருந்தாலும் கீழ் சுரங்கள் கசிந்துவிடும். ஈக்வலைசரைத் தொடுவதாக இருந்தால், வேண்டியதை ஏற்றுவதைவிட வேண்டாததை இறக்குங்கள். எல்லாவற்றையும் ஏற்றினால் உச்சத்தில் ஒலி கரகரக்கும்.

கடையில் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. சத்தம் குறைவாக இருக்கும்போது காது கீழ் சுரங்களைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால் சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் உசத்தியாகத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள்.

இந்த மயக்கம் வீட்டிலும் தொடர்வதுதான் ஆபத்து. மின்விசிறி, ரயில், பக்கத்து வீட்டு மிக்ஸி என்று வெளிச் சத்தம் கூடக்கூட, விரல் தானாக ஒலியை ஏற்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. உட்காதின் நுண்ணிய செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

வெளிச் சத்தத்தைத் தடுக்கும், காதோடு பொருந்தும் ஹெட்போன் நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்: குறைந்த ஒலியிலேயே நிறைய கேட்கும். கேட்டு முடித்தபின் காதில் ‘ஙொய்’ என்று ரீங்காரம் இருந்தால் அன்றைக்கு ஹெட்போனை எடுத்து வைத்துவிடுங்கள். அது அடிக்கடி வந்தால், அல்லது அடங்காமல் நின்றால், போக வேண்டிய இடம் ஹெட்போன் கடை அல்ல, காது டாக்டர்.